அட்டைக் கணப்பும் என் வலது கையும்

அருவிச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துப் பேசியே பழகிப்போன என் அப்பாவுக்கு,

தென்காசியில் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் நிற்க இடமில்லை. குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட நீங்கள் பலகை போட்டு உட்காரும் இடத்தில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல்தான் பஸ்ஸில் போகிறேன்.

ஆனால் ஊர்க்கதை சொல்ல இதை எழுதவில்லை. பயமாக இருக்கிறது அப்பா. அம்மாவிடம் நானாகச் சொல்ல வாய் வரவில்லை. பட்டாளத்தில் இருக்கும் உங்கள் மருமகனிடம் போனில் சொல்லி, அங்கே அவர் தூக்கத்தைக் கெடுக்கவும் மனசில்லை. அதனால் உங்களிடம் வந்தேன்.

எல்லாம் ஒரு பொம்மை வீட்டில் ஆரம்பித்தது. உங்கள் பேத்தி யாழினி, நீங்கள் கண்ணை மூடும்போது தவழ்ந்துகொண்டிருந்தாளே, அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. செருப்புப் பெட்டிகளை அடுக்கிப் பொம்மைக்கு மாடி வீடு கட்டியிருக்கிறாள். அதில் ஒரு ஃபயர் பிளேஸ் வேண்டுமாம். கார்ட்டூனில் வெள்ளைக்காரன் வீட்டுச் சுவருக்குள் நெருப்பு எரியுமே, அந்தக் கணப்பு. இந்த ஊருக்கு அது எதுக்குட்டி என்று கேட்டேன். "சாக்ஸ் காயப் போடதுக்கும்மா. டிவில அதுலதான தொங்க விட்டுருக்காவ" என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சாரல் தொடங்கியதிலிருந்து அவளுடைய சாக்ஸ் முழுசாகக் காய்ந்ததே இல்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தேன். செலவே இல்லாத வேலை. கூடு செய்ய பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி. முட்டை அட்டையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டினால் செங்கல். அதில் இயல்பாகவே ஒரு சொரசொரப்பு உண்டு. கோலத்துக்கு இழுக்கும் காவியைக் குழைத்துத் தடவினால் சூளையிலிருந்து வந்த கல் மாதிரியே இருக்கும். மேல்தட்டுக்கு ஐஸ் குச்சிகள், விறகுக்கு வேப்பங்குச்சி. நெருப்புக்கு ஆரஞ்சு நிற மிட்டாய்த் தாளும் அதன் பின்னால் பேட்டரியில் எரியும் ஒரு குட்டி பல்பும். வெட்டி, காயவைத்து, எல்லாவற்றையும் தட்டில் பரப்பி வைத்தபோது எனக்கே ஆசையாக இருந்தது.

முதல் வரிசையை ஒட்டும்போதே கை ஆடியது. புருவம் திருத்தும் இடுக்கியில்தான் கல்லைப் பிடித்திருந்தேன். அட்டைக்குப் பக்கத்தில் போனதும் அது தானாகத் துள்ளியது. பசை சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். குளிர் என்று சொல்லிக்கொண்டேன். காலையில் சாப்பிடவில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன், கற்கள் அப்போதும் கோணல் மாணலாகத்தான் நின்றன. சமையலில் தெரியாது, ஸ்கூட்டி ஓட்டும்போது தெரியாது. இத்தனூண்டு கல்லை வைக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கிறது.

நான் லேபில் ரத்தம் எடுக்கிறவள் இல்லையா அப்பா? பெரியவர்கள் என்றால் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். போன வாரம் ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். உறையைக் கழற்றியதும் ஊசியின் முனை நடுங்குவதைப் பார்த்தேன். குழந்தையின் அம்மா கவனிப்பதற்குள், போன் வருகிறது என்று பொய் சொல்லி, கூட வேலை பார்க்கும் செல்வியிடம் ஊசியைக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டேன். நான் குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்புறம் செல்வியிடமே என் கையை நீட்டித் தைராய்டு, சுகர் எல்லாம் பார்க்கச் சொன்னேன். தைராய்டு ஏறினாலும் கை நடுங்கும், மாத்திரையில் அடங்கிவிடும். கடவுளே, எனக்கு அந்த வியாதியைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. நல்ல ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதவள் அந்த லேபிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உங்களுக்கும் வலது கையில்தானே ஆரம்பித்தது? எண்ணெய் தேய்க்கும்போது உங்கள் விரல்கள் நடுங்கியதை, குளிக்க வந்தவர்கள் ஏதோ புதுப் பக்குவம் என்று நினைத்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி கையில மோட்டாரு வச்சிருக்காரு" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லி உங்களைத் தேடி வந்தார்கள். பக்கத்துப் பலகையில் ஆளே இருக்காது, உங்களிடம் வரிசை நிற்கும். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். டீ கிளாஸ் கையில் நிற்காமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனோம். நடுக்குவாதம் என்றார், ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்றும் கேட்டார். கடைசியில் கஞ்சிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. உங்களுக்கு முதலிலேயே தெரியுமா அப்பா? எங்களுக்காகத்தான் சிரித்தீர்களா?

நேற்றுச் சாயங்காலம் கணப்பின் மேல் வரிசையை ஒட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் உள்ளங்கையை என் மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினாள். நீங்களே எடுத்துச் சாப்பிட வேண்டும் என்று உங்கள் கையை அப்படித்தானே தாங்குவாள்? கல் ஆடாமல் போய் உட்கார்ந்தது.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். சாரல் குளிர்தான் அம்மா, வேறொன்றும் இல்லை என்றேன்.

"ஒங்க அப்பாவும் மொதல்ல சாரல் மேலதான்ட்டி பழியப் போட்டாவ" என்றாள். ஒட்டிய கல்லை விரலால் அழுத்திவிட்டு, "அன்னைக்கு நானும் சிரிச்சேன். இப்ப சிரிக்க மாட்டேன். திங்கக்கெழம திருநவேலிக்குப் போவோம்" என்றாள். அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அதற்குள் யாழினி வந்து, நான் ஒட்டியது கோணல் என்று இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டாள். மிச்சமிருந்த கற்களை அவளே ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினாள். எவ்வளவு அழகாக ஒட்டுகிறாள் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவும் நானும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இது பெரும்பாலும் வழிவழியாக வருகிற வியாதி இல்லை என்று எனக்குத் தெரியும். லேபுக்கு வருகிறவர்களுக்கு நானே தைரியம் சொல்லியிருக்கிறேன். வேறு ஏதாவது சாதாரண நடுக்கமாகவும் இருக்கலாம். தெரிந்து என்ன செய்ய? இன்று காலை யாழினி தண்ணீர் டம்ளரைத் தூக்கியபோதும் என் கண் அவள் விரலில்தான் இருந்தது. இனி எத்தனை காலம் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

இன்றைக்கு லேப் முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். டாக்டரைப் பார்க்கும்வரை ஊசியைத் தொட மாட்டேன், கவுண்டரில் உட்காருகிறேன் என்றேன். அவரும் சம்மதித்தார்.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை டாக்டர் கேட்டால் இரண்டு கையையும் மறைக்காமல் நீட்டுவேன். அவர் என்ன சொன்னாலும் யாழினியை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கிசுகிசுக்க மாட்டேன். அவளை உட்காரவைத்து, அம்மாவின் கைக்கு என்ன, தாத்தாவின் கைக்கு என்ன ஆனது என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்வேன். என்றைக்காவது அவள் விரல் ஆடினால், அன்றைக்கே, சிரித்து மழுப்பாமல், அவள் ஓடிவந்து என்னிடம் காட்ட வேண்டும்.

உங்கள் கையோடு பிறந்த மகள்,
செண்பகம்