மூன்று பூசணிக்காயும் ஒரு புல்லியும்

அன்புள்ள ராமசெல்விக்கு,

நான் நலம். அத்தைக்கு முட்டுவலி குறைந்ததா?

மாத்தூர் பட்டறையில், வேகத்துக்காக எஞ்சினை மாற்றிய கார் ஒன்றில் மூன்றாவது ஆயில் பம்பும் நொறுங்கியது. முதலாளி ஒவ்வொரு பம்புக்கும் ஒரு பூசணிக்காய் உடைத்தார். திருஷ்டியாம்.

"பம்பு டூப்ளிகேட்டு மாமு, வேற இன்னா?" என்றான் கார்க்காரன் ரோஷன். எஞ்சின் உதறலைத் தாங்கும், ரப்பர் வைத்த புல்லிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பளபளப்புக்காக வெறும் அலுமினியப் புல்லி போட்ட மேதாவியே அவன்தான். உதறல் மொத்தமும் பம்பில் இறங்குகிறது. பழையதை மாட்டச் சொன்னேன்.

"அது பாக்கவே கலீஜா கீது."

நான்காவது பம்பை நான் தொடமாட்டேன் என்றுவிட்டேன். முதலாளி முறைக்கிறார். அதற்கெல்லாம் கவலைப்படாதே.

பட்டறையில் கூப்பிடுகிறார்கள். கை துடைக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

சுடலைராஜ்