பத்துப் பேர் கழற்றிய கேட்

செங்கல்பட்டு
வியாழன் மாலை

அன்பு மகன் ஸ்டான்லிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் எனக்கு மூட்டுவலி தவிர வேறு குறை இல்லை, உன் தங்கை ஹெலனும் அவள் பிள்ளையும் சுகம், மஸ்கட்டில் நீயும் ஜாய்ஸும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஹெலன் வீட்டுக்காரருக்கு மகாபலிபுரம் ரிசார்ட்டில் வேலை நிரந்தரமாகிவிட்டது. கடைக்கு வாங்கிய புது பிரிண்டர் மூன்று தாளுக்கு ஒரு தாளை மென்று துப்புகிறது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அவசரப்படுகிறாய், நானும் சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிடுகிறேன், பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசிக்கிறேன். தவிர, உனக்குச் சில காகிதங்களும் கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கிறது.

குற்றப்பத்திரிகை நகல் வந்துவிட்டது. அதில் உள்ளபடி சொல்கிறேன். நவம்பர் இரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு, முதல் எதிரி ஜெரோம் தொடங்கி பத்தாவது எதிரியாகிய நீ வரை எல்லோரும் ஒன்றுகூடி, திருப்போரூர் கோபாலகிருஷ்ணனின் மனைப்பிரிவுக்குள் அத்துமீறி நுழைந்து, அவருக்குச் சொந்தமான இரும்புக் கேட்டைக் கழற்றித் திருடிச் சென்றீர்கள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அன்றைக்குக் கல்லறைத் திருநாள், அதற்காகத்தான் நீ லீவில் வந்திருந்தாய் என்று அதில் இல்லை. நம் ஊர்த் தெருவிலிருந்து கல்லறைக்குப் போகிற வழியில் அவர் பிளாட் போட்டு, கேட் வைத்துப் பூட்டியிருந்தார் என்று இல்லை. பூவும் மெழுகுவர்த்தியுமாக நாங்கள் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றதும், கழற்றிய கேட்டை நம் கோயில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நீங்களே ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்பியதும் இல்லை. நான் இதில் ஆச்சரியப்படவில்லை. முப்பத்தொரு வருடமாகக் கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறேன், காகிதத்தில் எது வரும் எது வராது என்று எனக்குத் தெரியும்.

மூன்று நாள் லீவில் வந்து, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுகிறேன் என்று நீ போன மாதம் சொன்னபோது நானும் அதுதான் நல்லது என்றேன். வக்கீல் கலைவாணனும், இன்னாக்கா இது பெரிய கொலைக் கேஸா, ஆளுக்கு ஆயிரம் கட்டிட்டு மத்தியான சோத்துக்கு வூட்டுக்குப் போயிடலாம் என்றார். பத்துப் பேருக்கும் ஒப்புதல் மனுவை நானே அடித்தேன். தொழில் என்கிற இடத்தில் ஒருவருக்குக் கொத்தனார், ஒருவருக்கு ஓட்டுநர், ரூத்துக்கு ரேஷன் கடை எடையாளர், உனக்குப் பட்டயக் கணக்காளர். மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆடிட்டர் பரணிதரன் சார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் உன்னுடையதை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தார். இதுல கையெழுத்துப் போட்டா உங்க பையன் அப்புறம் ஆடிட்டரா இருக்கிறது சந்தேகம்தான்மா என்றார். அபராதம் ஆயிரமா நூறா என்பது கணக்கே இல்லையாம். திருட்டு என்பது நடத்தைக் கேடான குற்றம், தண்டனை என்று ஒரு வரி பதிவானால் சி.ஏ. இன்ஸ்டிடியூட் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடலாமாம். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் மட்டும் பெயர் போகாது, குற்றவாளி என்று முடிந்தால்தான் போகும் என்றார். நம் வீட்டில் முதலில் பத்தாவது பாஸ் செய்தது நான், தெருவிலேயே முதல் ஆடிட்டர் நீ. ஏழு வருடம் விழுந்து விழுந்து எழுதி நீ வாங்கியதை நான் ஒரே பக்கத்தில் அடித்துக் கொடுக்க இருந்தேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆபீஸ் படிவத்திலோ இன்ஸ்டிடியூட் படிவத்திலோ வழக்கு உண்டா என்று கேட்டால் உண்டு, நிலுவையில் உள்ளது என்று எழுது, மறைக்காதே. மறைத்தது தெரிந்தால் அது தனிக் குற்றமாகிவிடும். பரணிதரன் சாரிடம் காட்டாமல் நீயாக யாருக்கும் விளக்கக் கடிதம் அனுப்பாதே. வாட்ஸப்பில் கேஸைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

கேட்டுக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால் கோர்ட் அனுமதியோடு சமரசமாகப் போகலாம், அப்படிப் போனால் அது விடுதலை, உன் லைசென்ஸுக்கு ஒன்றும் வராது என்று கலைவாணன் பிறகு சொன்னார். நானும் ஜெரோமும் திருப்போரூர் போய் கோபாலகிருஷ்ணனைப் பார்த்தோம். மரியாதையாகத்தான் பேசினார், டீ வரவழைத்தார். சமரசத்துக்குச் சம்மதம், ஆனால் அந்த வழியில் எங்களுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று தெருவே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார். ஜெரோம், அப்போ பொணத்த இன்னா மேல பறக்க வுட்டா எடுத்துகினு போறது என்று கேட்டுவிட்டு டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டான். நான் குடித்துவிட்டுத்தான் வந்தேன். உன் அப்பா ஏசுபாதமும் அங்கேதான் இருக்கிறார், நாளைக்கு நானும் அங்கேதான் போக வேண்டும், அதனால் நான் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

மிச்சம் ஒன்பது பேர். அவர்களுக்கு உன்னுடையதைப் போல லைசென்ஸ் இல்லை, அவர்கள் ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்பது பேர் திருடினோம் என்று சொல்லிவிட்டால் கூட இருந்த பத்தாவது ஆளுக்கு வாதாட ஒன்றும் மிஞ்சாது என்று கலைவாணன் சொன்னார். திங்கட்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போட எல்லோரும் கடைக்கு வந்திருந்தார்கள். இதையும் சொன்னேன், உங்கள் இஷ்டம், நான் வற்புறுத்த மாட்டேன் என்றும் சொன்னேன். கேஸை நடத்தினால் இரண்டு வருடமோ மூன்று வருடமோ, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். அப்புறம் ரூத், நம்ம தெருவுக்கு கீறதே ஒரு ஆடிட்டரு, அதையும் நாமளே கயட்டி வச்சுடலாமா என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மனுக்களைக் கையெழுத்தில்லாமலே திருப்பி என் மேஜையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்கள்.

மறுநாள் கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் அம்மா, ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஜெரோம் கையைக் கட்டிக்கொண்டு, கேட்ட எடுத்தோம்மா, திருடலம்மா என்றான். மற்ற எட்டுப் பேரும் அதையே சொன்னார்கள். ரூத் மட்டும், அது எங்க வழிம்மா என்று சேர்த்துச் சொன்னாள். பத்தாவது எதிரி எங்கே என்று கேட்டார்கள். வெளிநாட்டில் இருப்பதாக வக்கீல் மனுக் கொடுத்தார். அடுத்த மாதம் பதினாறாம் தேதி நீ நேரில் வந்தாக வேண்டும் என்று சொல்லி ஒத்திவைத்துவிட்டார்கள்.

இப்போது நேற்று இரவு நீ போனில் சொன்ன விஷயம். அன்று காலை நீ என்னோடு செங்கல்பட்டில் வீட்டில் இருந்ததாகவும், கேட் கழற்றிய இடத்துக்கு வரவே இல்லை என்றும் ஒரு மனு அடித்து அனுப்பச் சொன்னாய். உன்னைத் தனியாகப் பிரித்துவிட்டால் போதும், அவர்களுக்கு இழக்க என்ன இருக்கிறது என்றும் சொன்னாய். எனக்கு அது வருத்தமாக இருந்தது. பயத்தில் சொல்கிறாய் என்று புரிந்தது, புரிந்தும் வருத்தமாகத்தான் இருந்தது. அவர்களிடம் இதை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பத்துப் பேராக எடுத்தோம் என்றுதான் அவர்கள் வாக்குமூலம் போகிறது, நீ இல்லை என்று சொன்னால் பொய் சொல்கிறவர்கள் அவர்கள் என்றாகும், அது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

நீ கேட்ட மனுவை அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன். கீழே சாட்சி என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னாய், அதை மட்டும் போடவில்லை. நீ உயரம் என்பதால் கேட்டின் மேல் கீலைப் பிடித்துத் தூக்கியது நீதான், நான் உனக்கு இரண்டடி தள்ளி உன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆண்டவர் உன்னையும் ஜாய்ஸையும் கைவிடாமல் காக்கட்டும், உனக்கு நல்ல புத்தியும் தைரியமும் தரட்டும். ஜாய்ஸிடம் இரும்பு மாத்திரையை மறக்காமல் போடச் சொல். பதினாறாம் தேதி காலை பத்து மணிக்குக் கோர்ட். ஒன்பது மணிக்குத் தெருவிலிருந்து வேன் கிளம்புகிறது, உனக்கு முன் சீட்டு என்று ஜெரோம் சொல்லச் சொன்னான்.

உன் அம்மா,
ரெபேக்காள் ஏசுபாதம்