முதல் இரண்டும் சரியென்றால்

தாராவி, பம்பாய்
9-8-1964

அன்புத் தம்பி நம்பிராஜனுக்கு அக்கா மீனாட்சி எழுதுவது. பாளையங்கோட்டையில் நீயும் உன் கல்லூரி வேலையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி, குர்லாவில் அத்தான் வேலை பார்க்கும் பெயிண்ட் பட்டறை தீப்பிடித்துவிட்டது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. கருகிக் கிடந்த ஓர் உடம்பின் இடுப்பில், பட்டறைக்குள் போக வாசலில் காட்டும் அத்தானுடைய பித்தளைப் பில்லை இருந்ததாம். பில்லை வானமாமலையுடையது, அதனால் ஆளும் வானமாமலைதான் என்கிறார்கள் பட்டறைக்காரர்கள். முகத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. நாளைக் காலையில் நான் போய் ஆமாம் என்றால் உடம்பைக் கொடுப்பார்கள்.

போன லீவில் அத்தானுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுத்தாயே. குழாயில் தண்ணீர் வந்தால் இங்கே சண்டை வரும், தண்ணீர் வந்துவிட்டது, ஆகவே சண்டை வந்தே தீரும் என்றாய். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டவன் மூன்றாவதை மறுக்க முடியாது, மறுக்க வேண்டுமானால் முன்னதில் ஒன்றைப் பொய்யாக்க வேண்டும் என்றாய். இரண்டு நாளாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பில்லை வைத்திருப்பவர்தான் அதற்குரிய ஆள் என்பது பொய், தம்பி. இருமல் முற்றினால் அத்தான் பக்கத்து வீட்டுப் பூலோகத்திடம் பில்லையைக் கொடுத்துத் தனக்குப் பத்லியாக, மாற்றாளாக அனுப்பிவிடுவார். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமையும் நல்ல இருமல். முடிந்தால் தானே உள்ளே போவது, இல்லையென்றால் பூலோகத்தை அனுப்புவது என்று இருவரும் சேர்ந்துதான் புறப்பட்டார்கள். ஒரு பில்லைக்கு ஓர் ஆள்தான் உள்ளே போக முடியும். இருவருமே திரும்பவில்லை. ஆள் மாறியது தெரிந்தால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து மற்றவர் எங்கோ ஒளிந்திருக்க வேண்டும். அது யார் என்றுதான் தெரியவில்லை.

பத்லி போவது பூலோகத்தின் மனைவி முப்பிடாதிக்குத் தெரியாது. அவர் மான்குர்துக்கு மூட்டை தூக்கப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். என் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறு போடுவது அவள்தான். "யக்கா, ஒரு வாய் காப்பி குடிங்க. நான் இருக்கேம்லா" என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அத்தான் இருக்கிறார் என்று நான் நினைத்தால் பூலோகம் போய்விட்டார் என்றுதானே ஆகிறது. அவள் நெற்றியைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

காரணம் பிசகினாலும் முடிவு மட்டும் உண்மையாக இருந்துவிடலாம் என்றும் நீ சொன்னாய். அதை ஏன் சொன்னாய்?

இந்தக் கடிதம் வந்து சேருமுன் நான் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பேன். நீ உடனே புறப்பட்டு வா.

முப்பிடாதி பூவும் பொட்டுமாக நீண்ட நாள் இருக்கட்டும் என்று சாமியிடம் கேட்கப் பார்க்கிறேன். வாய் வரமாட்டேன் என்கிறது, தம்பி. நீயாவது அவளுக்காக வேண்டிக்கொள்.

உன் அக்கா,
மீனாட்சி