தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு

1998 மார்ச் 3
கடையில் இரண்டு படிக்கட்டுக் கம்பளம் போயிற்று. மழை பெய்து சேறானால்தான் ஹாலிஃபாக்ஸ்காரர்களுக்குத் தரை கண்ணில் படும். கூரைக்கடியில் இருக்கிற பரணை அறையாக்க ஆள் பேசிவிட்டேன். படுத்த படுக்கையாகிவிட்ட என் மனைவி நார்மாவைப் பார்த்துக்கொள்ள மகள் பிரையனி பிள்ளைகளோடு வந்துவிடுகிறாள். மாடியில் காலியாக இருக்கிற அறை பிள்ளைகளுக்கு, அவளுக்குப் பரண்.

மார்ச் 11
நகரசபை ஆய்வாளர் சைக்ஸ் வந்தார். மாடிப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே சுவர் வேண்டுமாம். கீழே தீப்பிடித்தால் பரணில் இருப்பவள் இறங்கித் தெருவுக்கு ஓட வழி வேண்டாமா என்கிறார். அந்தச் சுவர் இருந்ததுதான். எழுபதுகளில் தெருவே இடித்தது, நாங்களும் இடித்தோம். வீடு விசாலமாகிவிட்டதென்று நார்மாவுக்கு அவ்வளவு பெருமை.
இப்போது அவள் கட்டில் முன்னறையில். படுத்தபடியே வாசல் தெரியும். நான் நுழைவதற்குள், "காலைத் துடை கிளிஃப்" என்பாள். கம்பளம் விற்கிறவனிடம்! அவளுக்கு மிச்சமிருக்கிற அதிகாரம் அது ஒன்றுதான்.

மார்ச் 12
பேரம் பேசிப் பார்த்தேன். சைக்ஸ் அசையவில்லை. அவர் சொல்வது நியாயம் — அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 2
சுவர் ஏறிவிட்டது. அதில் கனத்த கதவு, விட்டால் தானே சாத்திக்கொள்ளும். இருபது நிமிஷம் தீயைத் தாங்கும் என்றேன்.
"என்னைவிடத் தேவலையே" என்றாள் நார்மா.
சிரித்தேன். அப்புறம் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏப்ரல் 3
வீட்டுக்கு வந்தேன். காலைத் துடைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. புதுக் கதவு மூடியிருந்தது. கம்பளத் துண்டு ஒன்றைச் சுருட்டி, கதவைத் திறந்து அடியில் செருகினேன். உடனே உள்ளேயிருந்து: "நல்லாத் துடைச்சியா?"

ஏப்ரல் 20
சைக்ஸ் துண்டைப் பார்த்துவிட்டார். கதவைத் திறந்தே வைத்தால் கதவு எதற்கு என்று கேட்டார். துண்டை எடுக்கும்வரை சான்றிதழ் கிடையாது, பரணில் யாரும் படுக்கக் கூடாது.
"இருக்கட்டும்ப்பா, நான் சோபாவிலேயே படுத்துக்கிறேன்" என்றாள் பிரையனி. "அம்மாவுக்கு வாசல் தெரியட்டும்."

மே 9
இன்று காலைத் துடைக்காமல் வேண்டுமென்றே உள்ளே போனேன். தரையெல்லாம் சேறு. பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லேன் நார்மா. திட்டவாவது செய்யேன்டி.

மே 17
காலையில் போய்விட்டாள்.

ஜூன் 8
சைக்ஸ் வந்தார். குனிந்து கதவடியைப் பார்த்தார். துண்டு இல்லை. ஒருவழியாகச் சொன்னதைக் கேட்டீர்களே என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தெரியாது.
பிரையனி இன்று மேலே படுக்கிறாள்.
கடையிலிருந்து வந்ததும் காலைத் துடைத்தேன். இரண்டு தடவை.