ஜோடி எத்தனை

பிப்ரவரி 3, திங்கள்

பிளானிங் ரூமில் ஓர் இடம் காலியாம். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்களுக்கு மார்ச் ஒன்றாம் தேதி பரீட்சை என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பி.காம். படித்துவிட்டுப் பதினொரு வருஷமாக இந்த பேக்கிங் மேஜையில் நின்றுகொண்டே ஷூவுக்கு ஜோடி சேர்க்கிறேன். காலில் நரம்பு சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு டாக்டர், "உக்காந்து செய்ற வேலையா பாரும்மா. இல்லன்னா ஆபரேஷன்தான்" என்றார். என்னமோ அந்த மாதிரி வேலையைக் கூடையில் வைத்துக் கூவி விற்கிற மாதிரி!

பிளானிங் ரூமில்தான் நாற்காலி இருக்கிறது. பேர் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 5

அணைக்கட்டிலிருந்து ஆம்பூர் வருவதற்குள் கம்பெனி பஸ்ஸிலேயே போனில், பைத்தான் சொல்லித்தருகிற ஒரு சைட்டில் மூன்று கணக்கு. கொடுத்த எண் ஒற்றையா இரட்டையா. மூன்று எண்ணில் பெரியது எது. நட்சத்திரங்களை முக்கோணமாக அடுக்கு. இதற்கெல்லாம் ஒரு கம்ப்யூட்டர்! எந்த வேலைவெட்டி இல்லாதவன் நட்சத்திரம் அடுக்குகிறான்?

முக்கோணம் நாலு தடவை கோணிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 6

சௌமியாவும் பேர் கொடுத்திருக்கிறாள். எங்கள் மேஜைக்கு வந்து ஐந்து மாதம்தான். பி.சி.ஏ.வாம். இடது எது வலது எது என்று இன்னும் தன் காலோடு வைத்துப் பார்க்கிற ஜென்மம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் போனை எடுத்தேன். "இன்னா ஹெலன், ஞாயித்துக்கெழமயும் கேமா?" என்கிறார் வீட்டுக்காரர். கேமாம்! வாட்ஸப்பில் வந்த போட்டோவைத் திறக்க என்னைக் கூப்பிடுகிற மனுஷன்.

பிப்ரவரி 13

இன்றைய கணக்கு: 'ஒரு பெட்டியில் உள்ள ஷூக்களின் சைஸ் பட்டியல் தரப்படும். ஜோடி எத்தனை?' 39, 39, 40, 41, 41. அவ்வளவுதான் பட்டியல். இடது வலது எதுவும் இல்லை. இதை எழுதினவன் ஜென்மத்தில் ஷூ போட்டிருக்கமாட்டான். ஆத்திரத்தில், 'இடது எத்தனை, வலது எத்தனை?' என்று திருப்பிக் கேட்கிற மாதிரி புரோகிராம் எழுதி அனுப்பினேன். சிவப்பில் 'தவறு' என்று வந்தது.

மதியம் சௌமியா சொல்கிறாள்: "சைட்ல அப்டிதான்க்கா கேப்பாங்க. ஒவ்வொரு சைஸையும் எண்ணி ரெண்டால வகுத்துட்டு போய்ட்டே இருக்கணும்."

மேஜையிலிருந்து இரண்டு இடது ஷூவை எடுத்து அவள் கையில் திணித்தேன். "ரெண்டும் முப்பத்தொம்போது. போட்டுக்கினு நட, பாக்கலாம். இப்டி வகுத்துதானே போன மாசம் ரெண்டு லெஃப்ட்ட ஒரே டப்பாவுல போட்ட?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கியது. நன்றாக வேண்டும்.

பிப்ரவரி 21

கால் வீக்கம் ஜாஸ்தி. பரீட்சைக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. ரோஷம் பார்த்தால் ஆகாது. அந்தக் கணக்கை எடுத்து, இரண்டால் வகுத்தேன். பச்சை வந்தது. அட மூடனே, இதுதான் உனக்கு வேண்டுமா? எடுத்துக்கொள்.

அதற்குப் பிறகு எதையும் கேட்பதில்லை. நாற்பது கணக்கு முடிந்தது.

மார்ச் 1, சனி

ஆறு பேர். ஐந்து கணக்கு. சுழல் நாற்காலி, முதுகு சாய்க்கலாம். ஐந்தாவதைப் பார்த்ததும் உள்ளுக்குள் சிரிப்பு. அதே ஷூப் பெட்டி! ஒரு நிமிஷத்தில் வகுத்துப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சௌமியா கையைத் தூக்கி மேனேஜர் மக்பூல் அகமது சாரிடம் என்னமோ கேட்டாள். அவர் ஒரு தாளைக் கொடுத்தார். கணக்கே புரியவில்லை போலிருக்கிறது. பாவம்.

மார்ச் 5

சௌமியாவுக்குக் கிடைத்துவிட்டது.

மார்ச் 6

மனசு கேட்கவில்லை. நேராகப் போய் மக்பூல் சாரிடமே கேட்டேன்.

"அஞ்சு புரோகிராமும் ஓடுதும்மா. ஆனா கடைசி கணக்குல வேணும்னேதான் லெஃப்ட் ரைட் குடுக்கல. கேக்கறவங்களுக்குக் குடுக்க தனி லிஸ்ட் வச்சிருந்தேன். ஒருத்தர்தான் கேட்டாங்க." பிறகு, "பதினோரு வருஷமா அதே மேஜை. நீங்க கேப்பீங்கன்னுதான் நெனச்சேன்" என்றார்.

கேட்டேனே! எல்லாருக்கும் முன்னாடி நான்தானே மொதல்ல கேட்டேன்! எவனோ முகம் தெரியாதவன் சிவப்பு காட்டினான்னு கேக்கறதையே வுட்டுட்டேனே — தூ! ஊரில் இருக்கிற முட்டாளையெல்லாம் எண்ணினவள், ஒருத்தியை எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

சௌமியா சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னிக்கு நீங்க திட்னதுதான்க்கா ஞாபகம் வந்துச்சு. அதான் கேட்டேன்." அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 17, திங்கள்

ஆகஸ்டில் இன்னோர் இடம் காலியாகுமாம். சௌமியா பிளானிங் ரூமிலிருந்து போனில் ஒரு கணக்கு அனுப்பியிருந்தாள்: 'ஒரு கார்ட்டனில் பன்னிரண்டு ஜோடி. கொடுத்த ஜோடிகளுக்குக் கார்ட்டன் எத்தனை?' பன்னிரண்டால் வகுக்கக் கை துறுதுறுத்தது. மேஜையில் சாய்ந்து, பாரத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றி நின்றுகொண்டு, இன்னொரு தடவை படித்தேன்.

பதில் எழுதவில்லை. 'கடைசி கார்ட்டன் நெறையலன்னா இன்னா பண்றது?' என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.