முதலுதவிப் பெட்டியில் இருந்த கேப்சூல்

14.11.2006, செவ்வாய்

இன்று எங்கள் தையல் கம்பெனி செல்வராஜின் கால் புண்ணில் சீழ் இல்லை. முறிந்த எலும்புக்குத் தகடு வைத்த இடம் மூன்று வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. எந்த ஊசிக்கும் அடங்கவில்லை. சீழைப் பரிசோதித்து, ஒரே ஒரு மருந்துதான் கேட்கும் என்று கண்டுபிடித்து, ஆறு நாளாக அதை ஏற்றுகிறார்கள்.

கட்டு மாற்றும்போது டாக்டரம்மா கேட்டார். "இதுக்கு முன்னால அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கீங்களா?"

செல்வராஜ் பெருமையாக என்னைக் காட்டினான். "காய்ச்சல்னா எங்க சூப்பர்வைசர் அக்கா ஒரு கேப்சூல் குடுப்பாங்க. ஷிப்மென்ட் முடியற வரைக்கும் தாங்குமுங்க."

என்னால் தலை நிமிர முடியவில்லை. நல்லது செய்வதாகத்தானே நினைத்தேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "இந்தக் கிருமி ஆஸ்பத்திரியிலயே ஒட்டியிருக்கலாமுங்க. உங்களாலதான்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு ரெண்டோட நிறுத்துனா, சாகாத கிருமி மருந்துக்குப் பழகிக்கும்."

மதியம் கம்பெனிக்குப் போனதும் முதலுதவிப் பெட்டியில் இருந்த கேப்சூல்களை எல்லாம் எடுத்துவிட்டேன். சிறிது நேரத்தில் டெய்லர் மாரியம்மாள் காய்ச்சலோடு வந்து நின்றாள்.

"யக்கா, ஒரு கேப்சூல் தாங்க."

"கேப்சூல் கிடையாது கண்ணு. டாக்டரைப் பாத்துட்டு ஊட்டுக்குப் போ."

மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும். அவள் மெஷினில் நானே உட்கார்ந்து மிச்சச் சட்டைக் கைகளைத் தைத்து முடித்தேன். தையலை விட்டுப் பத்து வருஷமாகியும் கை மறக்கவில்லை. முதுகுதான் வலிக்கிறது.

நாளை செல்வராஜை எழுப்பி நிற்க வைப்பார்களாம். பிடித்துக்கொள்ள என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறான்.