எதற்கும் இருக்கட்டும் என்று

மஸ்கட்,
வெள்ளி.

அன்புள்ள ஷர்லிக்கு,

நீயும் பாப்பாவும் நலந்தானே? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஆபீசில் ஒரு கூத்து, பயப்படாதே. ஒரே பெரிய சர்வருக்குள், சாப்ட்வேராலேயே இருபது கம்ப்யூட்டர்களை உண்டாக்கி ஓட்டுகிறோம். ஒவ்வொன்றின் டிஸ்குக்கும் நூறு ஜி.பி. என்று கணக்குப் போட்டு, மேலே ஐந்நூறும் சேர்த்துத்தான் இடம் வாங்கினேன். மூன்றே மாதத்தில் நிரம்பி, இருபதும் நின்றுவிட்டன. பார்த்தால், ஆளாளுக்கு எதையாவது மாற்றும் முன் "எதுக்கும் இருக்கட்டும்" என்று பழையதை நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒருவரும் ஒன்றையும் அழிக்கவில்லை! திட்டு மட்டும் எனக்கு. எரிச்சலில், என்னோடு வேலை பார்க்கும், இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் நம் இலுப்பூர் ஆத்மநாதனிடமே, "வேண்டாதத அழிக்க என்னய்யா தயக்கம்?" என்று கத்திவிட்டேன். மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது.

அவனிடம் பருப்புப்பொடியும் என் பழைய போர்வையும் கொடுத்து விடு.

வாட்ஸ்அப் இருக்க ஏன் கடிதம் என்பாய். என் போனிலும் இடமில்லை. பாதி, நீ திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். அழிக்கத்தான் உட்கார்ந்தேன். "சாப்புட்டீங்களா இல்லையான்னு வாயத் தொறந்து சொன்னா என்னங்க?" என்று முதல் மெசேஜிலேயே கத்தினாய். ஒன்றையும் அழிக்கவில்லை.

ஆத்மநாதன் கீழே ஹாரன் அடிக்கிறான். இனிமேல் கொஞ்சம் சுருக்கமாகத் திட்டு.

சார்லஸ்